சுவரில் வெட்டிய நகைக் கணக்கு

மயிலாப்பூரில் வெள்ளிக்கிழமை மாலை கற்பகாம்பாள் சன்னிதியில் திரை விலகும்போது, கண் முதலில் அம்பாளின் முகத்துக்குத்தான் போகும். அட்டிகையும் ஒட்டியாணமும் அப்புறம்தான் தெரியும். நல்ல அலங்காரம் அதுதான். பரதநாட்டியக்காரர்கள் அணியும் ராக்கொடி, சூரியப்பிறை, ஜடைநாகம் எல்லாவற்றுக்கும் 'கோயில் நகை' என்றே பெயர். சாமிக்குச் சாத்தியதைத்தான் நாமும் ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டோம்.

சாமிக்குச் சாத்தப் பயன்படாத காணிக்கைப் பொன்னை உருக்கி வங்கியில் முதலீடு செய்யப்போவதாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. உருக்குவதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். உண்டியலில் விழும் பொடிப் பொட்டும் தாலியும் பெட்டியில் கிடப்பதைவிடக் கோயிலுக்கு வருமானம் தருவது மேல். ஆனால் எது உருகுகிறது என்று கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொரு நகையிலும் முத்து எத்தனை, எடை எவ்வளவு, அந்த எடையில் சரடும் அரக்கும் சேர்த்தியா என்பதுவரை வெட்டியிருக்கிறார்கள். பொன் நிறுக்க 'ஆடவல்லான்' என்ற கல், நகை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்ற கல். எடைக்கல்லுக்கும் இறைவன் பெயர்! ஆயிரம் வருஷத்துக்கு முன் ஊரறியச் சொன்ன கணக்கை, இன்று ஒவ்வொரு கோயிலும் படத்தோடு வெளியிடலாம். என் பாட்டி நேர்ந்துகொண்டு உண்டியலில் போட்ட ஒற்றைக்கல் மூக்குத்திக்கும் அதில் ஒரு வரி வேண்டும்.