நம் தெருவையும் யாராவது வரையட்டும்

ஹைதராபாத்தின் நாச்சாரம் மெயின் ரோட்டை ஓர் இளம் ஓவியர் மையில் வரைந்திருக்கிறார். ஒன்றரை அடி நீளம், ஓரடி உயரம். கையால் செய்த காகிதம். ஹப்சிகுடாவில் திரும்பி மல்லாபூர் பக்கம் போகும் அதே சாலை, சாயங்கால நேரம். டிபன் சென்டர் வாசலில் தட்டை ஏந்தி நின்றுகொண்டே சாப்பிடுகிறவர், ஷிப்ட் முடிந்து சாப்பாட்டுப் பையோடு வரும் தொழிலாளர்கள், மிர்ச்சி பஜ்ஜி வண்டி, பின்னால் ஒரு லாரி. தாளின் மேல்பாதி முழுக்க மின்கம்பிகளும் கேபிள்களும். கறுப்பு மை ஒன்றுதான். தண்ணீரின் அளவை மாற்றியே அத்தனை சாம்பல் நிறங்களையும் எடுத்திருக்கிறார்.

அந்த ஓவியத்தை வாங்கியதும் ஃப்ரேம் போடக் கொண்டுபோனேன். கடைக்காரர் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஓரம் பிசிறாக இருக்கிறது, வெட்டி நேராக்கிவிடட்டுமா?” என்று தெலுங்கில் கேட்டார். வேண்டாம் என்று அவசரமாகத் தடுத்தேன். அந்தப் பிசிறுதான் இது கையால் செய்த தாள் என்பதற்கு அடையாளம். இத்தாளில் பெரும்பகுதி பருத்தியிலிருந்து வருகிறது. பனியன் கம்பெனிகளிலும் தையல் கூடங்களிலும் கழித்துப்போடும் துணித் துண்டுகளை நறுக்கி, தண்ணீரில் போட்டு, இழை இழையாகப் பிரியும்வரை அடிக்கிறார்கள். அந்தக் கூழ் கலந்த தொட்டியில் சல்லடைச் சட்டத்தை முக்கி எடுத்தால் தண்ணீர் வடிந்து ஒரு படலம் தங்கும். அதைத் துணிமேல் கவிழ்த்து, அழுத்தத்தில் பிழிந்து, உலர்த்துகிறார்கள். சட்டத்தின் விளிம்புக்கு அடியில் கசியும் கூழ்தான் அந்தப் பிசிறு ஓரமாகிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் இப்படித் தாள் செய்கிறார்கள். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் இதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர் குமரப்பா: தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காகவே உழைத்த ஜே.சி. குமரப்பா. தமிழ்நாட்டிலேயே பலருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மரக்கூழில் செய்யும் செய்தித்தாளில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. வெயில் பட்டால் தாள் பழுத்து நொறுங்குவது அதனால்தான். பருத்தித் தாளில் அந்தத் தொல்லை இல்லை. அமிலம் சேராமல் செய்தால் நூற்றாண்டுகள் தாங்கும். மையிலும் இதே வேறுபாடு. சாயத்தில் செய்த பேனா மை வெளிச்சத்தில் வெளிறிப்போகும். புகைக்கரியில் செய்த மை வெளிறாது.

ஆனால் இந்தத் தாளையும் மையையும் சேர்த்து வேலை செய்வது லேசல்ல. வழவழப்பான தாளில் ஓடுவதுபோல நிப்பு இதில் ஓடாது. இழையில் சிக்கும், கோடு உடையும். பசை குறைவாக ஏறிய இடத்தில் மை பரவிவிடும். பென்சிலைப்போல அழிக்கவும் வழியில்லை. எங்கள் ஓவியர் அந்தப் பரவலை லாரியின் புகைக்கும் தூசிக்கும் விட்டுக்கொடுத்திருக்கிறார். உடைந்த கோடுகளை கேபிள்களில் வைத்திருக்கிறார். தாளின் குணம் தெரிந்த கை அது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அவர் எதை வரையத் தேர்ந்தார் என்பது. ஹைதராபாத் என்றால் சார்மினார். 1591-இல் எழுந்த அந்தக் கட்டடம் வரையத் தகுந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கடையில் கேட்டாலும் அதே நான்கு மினார், அதே வளையல்காரர், அதே ரிக்‌ஷா. நாச்சாரத்தை யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் என்.டி. ராமராவின் ஸ்டூடியோ இருந்த ஊர் இது. தொழிற்பேட்டையும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையுமாக உழைப்பாளிகளுக்கென்றே அமைந்த பகுதி. 2017 நவம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதன் தூண்கள் எழும்பும் முன் தார்நாகாவும் ஹப்சிகுடாவும் எப்படி இருந்தன என்று கேட்டால், எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

அப்படி ஒரு படம் வாய்த்த நகரம் ஒன்று உண்டு. 12-ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் ஜாங் ஸெதுவான் என்ற ஓவியர், ஐந்து மீட்டருக்கும் நீளமான பட்டுச் சுருளில் மையும் மெல்லிய வண்ணமும் கொண்டு ஒரு நகரத்தை வரைந்தார். தலைநகரான பியன்ஜிங்தான் அது என்பது பெரும்பாலோர் கருத்து. அந்தச் சுருளில் கடைகள், பாரவண்டிகள், பாலத்தில் முண்டியடிக்கும் கூட்டம், படகுக்காரர்கள் என்று தெருவாழ்க்கையே நிறைந்திருக்கிறது. அந்தத் தலைநகர் 1127-இல் எதிரிப் படையிடம் வீழ்ந்தது. ஓவியம் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து மனிதர்கள் எப்படிச் சுமை தூக்கினார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதை ஆய்வாளர்கள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள்.

நமக்கும் ஒருவர் இருந்தார். மதுரையில் 1936-இல் பிறந்த மனோகர் தேவதாஸ் தொழிலால் வேதியியலாளர். விழித்திரை நோயால் அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. மனைவி மஹிமா 1972-இல் நடந்த சாலை விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இவ்வளவுக்கும் நடுவில் மனோகர் மதுரையையும் சென்னையையும் பேனா மையில், மயிரிழைக் கோடுகளால் வரைந்துகொண்டே இருந்தார். யானைமலையும் கோபுரங்களும் மட்டுமல்ல, அவற்றின் காலடியில் நடமாடும் மனிதர்களும் மாடுகளும், நிற்கும் மரங்களும் அவர் தாளில் இடம்பெற்றன. அந்த ஓவியங்களை வாழ்த்து அட்டைகளாக்கி, வந்த பணத்தைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள் அந்தத் தம்பதி. 2020-இல் மனோகருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 டிசம்பரில் அவர் காலமானபோது, பழைய மதுரையின் நுணுக்கமான ஆவணம் ஒன்று நம் கையில் இருந்தது. எந்த அரசுத் துறையும் கேட்டு வாங்கியது அல்ல அது. ஒரு மனிதர் தன் ஊர்மேல் வைத்த பாசத்தால் கிடைத்தது.

ஃபோனில்தான் ஆயிரம் படங்கள் இருக்கின்றனவே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கின்றன, ஃபோன் மாறும்போது எத்தனை மிஞ்சுகின்றன? அதோடு, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வரைகிறவர் பஜ்ஜி வண்டிக்காரர் எண்ணெய்ச் சூட்டுக்கு முகத்தைத் திருப்பும் விதத்தைக்கூடப் பார்த்துவிடுகிறார். என் படத்தில் அது இருக்கிறது.

ஆகவே வீட்டுச் சுவருக்குப் படம் தேடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்து ஓவியக் கல்லூரி மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். நல்ல பருத்தித் தாளும் கரி மையும் வாங்கிக் கொடுத்து, உழைப்புக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து, உங்கள் தெருவை வரையச் சொல்லுங்கள். ஃப்ரேம் போடும்போது பெவிகால் தடவி ஒட்டவிடாதீர்கள். அமிலமில்லாத அட்டையில் பொருத்தி, கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். வெயில் விழும் சுவரும் மழைக்கு ஓதமேறும் சுவரும் வேண்டாம். தெருவின் பெயரையும் வரைந்த தேதியையும் ஓவியரின் கையாலேயே கீழ் மூலையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.