குறி தப்பினா கேடட் மேல மட்டும் பழியா?

ரெண்டாம் வருஷம் என்.சி.சி. கேம்ப். நான் சுட்ட அஞ்சு குண்டும் டார்கெட்ல அஞ்சு திசைக்குப் போச்சு. "மூச்சைப் பிடிக்கத் தெரியல"ன்னு திட்டு. அதே துப்பாக்கியில அடுத்து சுட்ட மூணு பேருக்கும் அதே கதை, அதே திட்டு. துப்பாக்கியை யாரும் சந்தேகப்படல.

பேரலும் தேயும் மக்களே. உள்ளே சுருளா ஓடுற ரைஃப்ளிங் பள்ளங்கள்தான் குண்டைச் சுழற்றி நேரா அனுப்புது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில செஞ்ச 5.56 மி.மீ. இன்சாஸ் மாதிரி ராணுவ ரைஃபிள்ல, சூடான வாயு சேம்பரை ஒட்டின பகுதியைத்தான் முதல்ல அரிக்கும். விடாம சுட்டா அரிப்பு இன்னும் வேகம். நாம சுடுற .22 வேற ரகம். ஈயக் குண்டு, கொஞ்சமே மருந்து. பல ஆயிரம் ரவுண்டு தாங்கும். அதைப் பெரும்பாலும் கெடுக்கிறது துருவும் தப்பான கிளீனிங்கும்தான்.

அப்போ எப்ப மாத்தணும்? தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டுல தினமும் பைக் ஓட்டுறோம். வருஷத்தை மட்டும் எண்ணியா டயர் மாத்துறோம்? பட்டன் தேஞ்சிருக்கான்னும் பார்க்கிறோம்ல? பேரலுக்கும் ரவுண்டு கணக்கு வெறும் எச்சரிக்கை. தீர்ப்பு டார்கெட்ல இருக்கு. முதல்ல சுத்தம் பண்ணுங்க. ஸ்க்ரூ, சைட் லூஸான்னு பாருங்க. வேற பேட்ச் குண்டு போட்டு, நல்லா சுடுற ஒருத்தரைச் சுடச் சொல்லுங்க. அப்பவும் குரூப் விரிஞ்சா, ஆர்மரர் கேஜ் வச்சு அளந்து பேரலை மாத்தட்டும்.

இதுக்கு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நோட்டு போதும்: எத்தனை ரவுண்டு, எப்ப கிளீனிங், குரூப் எவ்வளவு.

லேப்ல வெர்னியரோட ஸீரோ எரர் பார்க்காம ரீடிங் எடுத்தா மார்க் போயிடும். ரேஞ்சுல மட்டும் கருவியைப் பார்க்காம ஆளைக் குறை சொல்றது என்ன நியாயம்?