வீட்டு வரி நோட்டீஸ்: கட்டுவதற்கு முன் டேப்பை எடுங்கள்

கேள்வி: "எங்களுடையது மூன்று சென்ட் மனையில் ஓட்டு வீடு. முன்கட்டு 24க்கு 20 அடி, பின்னால் 10க்கு 8 அடியில் சமையலறை. கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. வரி நோட்டீஸ் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. இந்த முறை வரி திடீரென்று கூடிவிட்டது. கட்டிடப் பரப்பு 1,307 சதுர அடி, கான்கிரீட் கூரை என்று போட்டிருக்கிறார்கள். எதிர்த்துக் கேட்டால் பெயர் மாற்றத்தை இழுத்தடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் கட்டிவிடலாமா?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கட்டலாம், பேசாமல் கட்டக் கூடாது. பதிவேட்டில் ஏறிய தப்புக் கணக்கு தானாக மாறாது. அடுத்த முறை வரியை உயர்த்தும்போதும் அந்தப் பரப்பின் மேல்தான் உயர்த்துவார்கள்.

1,307 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் 1,306.8. வாசகியின் மொத்த மனைப் பரப்பைக் கட்டிடப் பரப்பு என்று எழுதியிருப்பதாகவே தெரிகிறது. அவர் சொல்லும் அளவுப்படி முன்கட்டு 480, சமையலறை 80, ஆக 560 சதுர அடிதான். இரண்டு மடங்குக்கும் மேல் கூடுதல்! கூரையும் மாறியிருக்கிறது. கான்கிரீட், ஓடு, கூரை வேய்ந்த வீடு என்று வகைக்கு வகை சதுர அடி வீதம் வேறு என்பதால், இரண்டு தப்பும் சேர்ந்தே வரியை ஏற்றியிருக்கும்.

நெல் மூட்டையை எடை பார்க்காமல் வண்டியில் ஏற்றுகிறோமா? வரி நோட்டீஸும் அப்படித்தான். எல்லோரும் சரிபார்க்க வேண்டியவை:

1. பரப்பு: வெளிச்சுவர் முதல் வெளிச்சுவர் வரை டேப் பிடித்து அளக்க வேண்டும். வீடு நேர்சதுரமாக இல்லையென்றால் துண்டு துண்டாக அளந்து கூட்டலாம். பட்டாவில் சதுர மீட்டரில் இருந்தால் 10.76-ஆல் பெருக்கினால் சதுர அடி.

2. கூரை வகை.

3. பயன்பாடு: குடியிருப்பா, கடையா? திண்ணையில் முன்பு பெட்டிக்கடை வைத்து மூடியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

4. பெயர், கதவு எண், வரி விதிப்பு எண்.

5. பழைய பாக்கி: கட்டிய தொகை மறுபடி பாக்கியாக வந்திருக்கலாம். பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடக் கூடாது.

நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருந்தால் பதற வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு சேர்த்து வாங்குவது அது.

அடுத்தது மனு. வாய்ப்பேச்சு போதாது. ஊராட்சித் தலைவர் அல்லது தனி அலுவலர் பெயருக்கு ஒரு தாளில் எழுதலாம். கையால் வரைந்த வீட்டுப் படம், அளவுகள், கூரை தெரியும் போட்டோ, நோட்டீஸ் நகல் ஆகியவற்றை இணைத்து, "நேரில் வந்து அளந்து திருத்தித் தர வேண்டும்" என்று கேட்க வேண்டும். நோட்டீஸில் கெடு தேதி இருந்தால் அதற்குள் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மனு கொடுத்த பிறகு வரியைக் கட்டி ரசீது வாங்கிவிட்டால் பாக்கி என்ற பேச்சு வராது. கூடுதலாகக் கட்டியதை அடுத்த வரியில் கழிக்கும்படி மனுவிலேயே கேட்கலாம்.

பெயர் மாற்றத்துக்குத் தனி மனு தருவது நல்லது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒன்றுக்காக மற்றொன்று நிற்கும். வரி ரசீதில் பெயர் மாறினால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது. பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

பதில் வராவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலர், அதன்பின் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். பதிவேட்டு நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பின்னால் ஒரு அறை சேர்த்துக் கட்டி அது கணக்கில் ஏறாமல் இருந்தால், அளக்கும்போது வரி கூடும். அதனால் முதலில் தாமே அளந்து பார்த்துவிட்டு மனு எழுதுவது நல்லது. இந்த வாசகி பயப்பட ஒன்றுமில்லை. அவர் கேட்பது சலுகை இல்லை, சரியான கணக்கு.