அரம் பிடிக்கும் கைக்கு என்ன விலை?

லூதியானாவிலோ ஃபரிதாபாதிலோ உள்ள ஒரு சிறுதொழில் அதிபரிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது புலம்பல்தான்: நல்ல ஃபிட்டர் கிடைப்பதில்லை. அதே ஊரில் ஐ.டி.ஐ. முடித்த இளைஞரும் புலம்புகிறார்: நல்ல வேலை கிடைப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், இருவர் சொல்வதும் உண்மை. இந்த விசித்திரத்தைத் தீர்க்க அரசு 75 ஆண்டுகளாகத் திட்டங்கள் போட்டு வருகிறது. திட்டங்கள் பெருகியிருக்கின்றன, புலம்பல் மட்டும் குறையவில்லை.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கும், பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகளுக்கும் ஒரு தொழில் கற்றுத்தர ஏற்பட்ட மையங்கள்தான் இதற்கு வித்து. 1950ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தபோது இருந்தவை சுமார் 50 நிலையங்கள். இன்று ஐ.டி.ஐ.க்களின் எண்ணிக்கை 14,000ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் முக்கால்வாசிக்கும் மேல் தனியார் நடத்துபவை. எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2023ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கைப்படி, மொத்த இடங்களில் ஏறக்குறைய பாதி காலி.

கோளாறின் ஒரு வேர் 1956ல் இருக்கிறது. அந்த ஆண்டு நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் டெல்லியின் பொறுப்பு. ஆசிரியரை நியமிப்பது மாநிலத்தின் பொறுப்பு. மாநில கஜானா வறண்டால் பயிற்றுநர் பதவிகள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கும். கேட்டால் டெல்லி மாநிலத்தைக் காட்டும், மாநிலம் டெல்லியைக் காட்டும். இடையில் மாட்டிக்கொள்பவர் மாணவர். இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஒளி புகாத அளவுக்குச் சமப்படுத்துவதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கற்பிக்க முடியாது. பக்கத்தில் நின்று கையைத் திருத்த ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் தொழிற்சாலையில் இருக்கிறார் என்பதை நேரு காலத்து அரசு புரிந்துகொண்டிருந்தது. அதன் விளைவுதான் 1961ன் அப்ரண்டிஸ் சட்டம். ஐ.டி.ஐ.யில் அடிப்படை, ஆலையில் அனுபவம் என்பது அதன் தர்க்கம். ஜெர்மனியில் இந்த ஏற்பாடு வேரூன்றி நிற்கிறது. அங்கே பயிற்சியாளர் வாரத்தில் மூன்று, நான்கு நாட்கள் தொழிற்சாலையில் இருப்பார். மற்ற நாட்களில் பள்ளிக்குப் போவார். எட்டரைக் கோடிக்குள் மக்கள்தொகை உள்ள அந்நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் இப்படிக் கற்கிறார்கள்.

இந்தியாவில் சட்டம் இருந்தது, மனம் இல்லை. அப்ரண்டிஸ் எடுக்காத முதலாளியைச் சிறைக்கு அனுப்பலாம் என்று ஒரு விதி 2014 வரை இருந்தது. அந்த ஆண்டு திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. 2016ல் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் ரூ.1,500 வரை, மத்திய அரசே ஏற்க முன்வந்தது. 2019 விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். மிரட்டல் போய் சலுகை வந்தது.

பயிற்சிக்குப் பிறகு என்ன என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை. சட்டத்தின் கண்ணில் அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். பயிற்சி முடித்தவரை வேலையில் வைத்துக்கொள்ளும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஓராண்டு எந்திரத்தில் நின்றவர் வெளியே போவார், அதே எந்திரத்துக்கு அடுத்த அப்ரண்டிஸ் வருவார். அல்லது அவரே ஒப்பந்தத் தொழிலாளியாகத் திரும்பி வருவார். பயிற்சி என்ற பெயரில் மலிவுக் கூலி கிடைக்கும்போது நிரந்தர ஃபிட்டருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குப் பதில் அரசுகள் குறுக்குவழி தேடின. 2022க்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் என்று 2009ல் இலக்கு வைத்தது மன்மோகன் சிங் அரசு. 2015ல் மோடி அரசு தொடங்கிய கௌஷல் விகாஸ் யோஜனா, சில மாதங்களில் முடியும் படிப்புகளை நாடெங்கும் பரப்பியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை அதன் லட்சணத்தைக் காட்டியது. பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் பெரும்பாலான பதிவுகளில் வெறுமை அல்லது பூஜ்யம். இதற்கிடையே, 15 முதல் 29 வயதுவரை உள்ளவர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம்தான் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை ஒப்புக்கொண்டது.

இப்போது மீண்டும் ஐ.டி.ஐ.க்களின் முறை. 1,000 அரசு நிலையங்களை மேம்படுத்த ரூ.60,000 கோடித் திட்டத்துக்கு 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில்துறை 10,000 கோடி. உரிமை அரசிடம், நிர்வாகம் தொழில்துறையிடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2007-08லும் 1,396 நிலையங்களுக்குத் தலா ரூ.2.5 கோடி வட்டியில்லாக் கடன் தந்து, தொழிலதிபர்களை நிர்வாகக் குழுவில் உட்காரவைத்தார்கள். அந்த மருந்து வேலை செய்திருந்தால் இன்று இவ்வளவு பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டிருக்காது.

புதிய லேத்தும் சி.என்.சி. எந்திரமும் வரட்டும். அதோடு இரண்டு கேள்விகளுக்கும் விடை வர வேண்டும். காலியாகக் கிடக்கும் பயிற்றுநர் நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்கள்? தேர்ச்சி பெற்ற கைக்குத் தொழில்துறை என்ன சம்பளம் தரப்போகிறது? பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா, ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் தள்ளுவதா என்று யோசிக்கும் தகப்பனார் அமைச்சரவைக் குறிப்பைப் படிப்பதில்லை. பக்கத்து வீட்டு ஃபிட்டர் மாதக் கடைசியில் எவ்வளவு கொண்டுவருகிறார் என்பதைத்தான் பார்க்கிறார்.