ஒரு கருவிக்கு இரண்டு வேலையா?

“இது டேப்லெட்டும் ஆகும், கைப்பேசியும் ஆகும். இரண்டாக வாங்க வேண்டியதை ஒன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்,” என்றார் கடைக்காரர். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! எட்டு அங்குலத் திரை. சிம் அட்டையைச் செருகினால் நேரடியாகப் பேசலாம். படிவம் இரண்டில் பயிலும் என் மகளின் கண்கள் விரிந்தன. விலையும் எங்கள் கைக்கு எட்டுவதாகவே இருந்தது. ஆயினும், நான் உடனே பணத்தை எடுக்கவில்லை. உறவினர் ஒருவரிடம் இருந்த அதே வகைக் கருவியை ஒரு மாதம் இரவல் வாங்கி, வீட்டில் பயன்படுத்திப் பார்த்தோம். அந்த ஒரு மாதத்தில் நான் உணர்ந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இத்தகைய கருவி புதியதன்று. 2010ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் 9.7 அங்குல ஐபேட்டை வெளியிட்டது. அதே ஆண்டு சாம்சுங் நிறுவனம் 7 அங்குல கேலக்சி டேப்பைக் கொண்டு வந்தது. பல நாடுகளில் அக்கருவியிலிருந்து தொலைபேசி அழைப்பும் செய்ய முடிந்தது. 7 அங்குலத் திரை மிகவும் சிறியது என்று ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் அப்போது குறை கூறினார். ஆனால், 2012இல் அந்நிறுவனமே 7.9 அங்குல ஐபேட் மினியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மறுபுறம், கைப்பேசிகளின் திரையும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 2019இல் வெளிவந்த மடிக்கக்கூடிய கேலக்சி ஃபோல்டை விரித்தால் திரையின் அளவு 7.3 அங்குலம். இவ்வாறு, தட்டைக் கணினியும் கைப்பேசியும் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வந்துள்ளன.

மாணவர்களுக்கு இதனால் என்ன நன்மை? 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, நம் நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் வீட்டிற்கு வந்தன. அவ்வாண்டு கல்வி அமைச்சு மேற்கொண்ட ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. கருவி இருந்தவர்களுள் பெரும்பாலோரிடம் இருந்தது திறன்பேசிதான். தட்டைக் கணினி வைத்திருந்தோர் 6 விழுக்காட்டிற்கும் குறைவு. அம்மாவின் திறன்பேசியில் அறிவியல் வரைபடத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி, மீண்டும் சிறிதாக்கிப் படித்த பிள்ளைகளை நாம் மறந்துவிட முடியாது.

அவர்களுக்குப் பெரிய திரை ஆடம்பரம் அன்று. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நீள அகல விகிதம் 20:9 உள்ள 6.5 அங்குலத் திறன்பேசியின் திரைப்பரப்பு ஏறத்தாழ 100 சதுர சென்டிமீட்டர். விகிதம் 16:10 உள்ள 8 அங்குலத் தட்டைக் கணினியின் திரைப்பரப்போ ஏறத்தாழ 185 சதுர சென்டிமீட்டர். மூலைக்கு மூலை அளந்தால் வேறுபாடு ஒன்றரை அங்குலம்தான். பரப்பளவிலோ அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. என் மகள் பாடநூலின் மின்பக்கத்தை நகர்த்தாமலேயே முழுமையாக வாசித்தாள். தமிழ்க் கட்டுரையைத் தட்டச்சு செய்தபோது, விசைப்பலகைக்கு மேலே ஒரு பத்தி முழுவதும் தெரிந்தது. முன்பு திறன்பேசியில் எழுதியபோது இரண்டு மூன்று வரிகள்தாம் தெரியும். தான் எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் பழக்கம் அவளுக்கு அந்த மாதத்தில்தான் வந்தது.

இனி, கைப்பேசியாக அது எப்படி இருந்தது என்பதைக் கூறுகிறேன். என் சிம் அட்டையை அதில் போட்டுக்கொண்டேன். சட்டைப் பையில் அது நுழையவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதே கையால் எண்ணை அழுத்தவும் முடியவில்லை. காதில் வைத்துப் பேசினால், இரயிலில் எதிரே அமர்ந்திருந்தவர்கள் புன்னகைத்தார்கள். செவிப்பொறியை மாட்டிக்கொண்டதும் இந்தத் தொல்லைகள் பெருமளவில் குறைந்தன. இவை எல்லாம் பழகிவிடக்கூடியவையே.

பழகிக்கொள்ள முடியாத குறை ஒன்று மூன்றாம் வாரத்தில் தெரிந்தது. ஒருநாள் இரவு, மகள் அக்கருவியில் கணித இணைய வகுப்பில் இருந்தாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். சித்தியவானில் வசிக்கும் என் தாயார் மூன்று முறை அழைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அழைப்பு திரையில் தோன்றி வகுப்பை இடைமறித்தது. ஒவ்வொரு முறையும் மகள் அதைத் துண்டித்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டி உதவிக்காக அழைத்தார் என்பது அவளுக்குத் தெரியாது. நல்லவேளையாக, பக்கத்து வீட்டார் வந்து மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றனர். கணுக்கால் வீக்கத்தோடு போயிற்று. “ஆசிரியர் என்னிடம் விடை கேட்டுக்கொண்டிருந்தார், அப்பா. பாட்டி நலம் விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்,” என்று மகள் அழுதாள்.

அவள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவள் வகுப்பில் கவனமாக இருந்தாள். அதைத்தானே நாம் எதிர்பார்க்கிறோம்? ஒரே கருவியிடம் ஒன்றுக்கொன்று முரணான இரு பணிகளை ஒப்படைத்தது நான்தான். கற்றலுக்கு அமைதி வேண்டும். தொலைபேசியோ எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். மாலை முழுவதும் காணொலியில் பாடம் பார்த்து மின்கலம் தீர்ந்துவிட்டால், அவசர எண் 999ஐ அழைக்கவும் வழியிருக்காது.

குறிப்பிட்ட சிலரின் அழைப்பை மட்டும் அனுமதித்து, மற்றவற்றை அமைதிப்படுத்தும் வசதி இருக்கிறதே எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான். அதனைப் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால், அந்த அழைப்பை யார் எடுப்பது என்பதை வீட்டில் முன்னரே பேசி முடிவு செய்யாவிட்டால், எந்த வசதியும் பயன் தராது. நாங்கள் அதனைப் பேசவில்லை.

வாங்க விரும்புவோர் வேறு மூன்றையும் கவனிக்க வேண்டும். முதலாவது, சிம் அட்டை பொருந்தும் எல்லாத் தட்டைக் கணினிகளிலும் தொலைபேசி அழைப்பு செய்ய முடியாது. ஐபேட் போன்றவற்றில் சிம் அட்டை இணையத்திற்கு மட்டுமே பயன்படும். இரண்டாவது, நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. 4ஜி வசதி இல்லாத பழைய கருவியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், அதன் சிம் அட்டையைக் கொண்டு இணையப் பாடம் பார்க்க இயலாது. மூன்றாவது, மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வரக்கூடாது என்பது நெடுநாளைய விதி. பேசும் வசதியுள்ள தட்டைக் கணினியைப் பள்ளி எவ்வாறு கருதும் என்பதை ஆசிரியரிடம் கேட்டறிந்த பிறகே பையில் வைக்க வேண்டும்.

அப்படியானால், இக்கருவி வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து. ஒரே ஒரு கருவிக்குத்தான் வசதி உண்டு என்னும் குடும்பம், சிறிய திறன்பேசியைவிட இதனைத் தேர்ந்தெடுப்பதே பிள்ளையின் படிப்பிற்கு நல்லது. ஆனால், வகுப்பு நேரத்தை உறவினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவசரத்திற்கு அழைக்க இன்னொருவரின் எண்ணையும் கொடுத்து வைக்க வேண்டும். முக்கியமானவரின் அழைப்பு வந்தால், வகுப்பின் நடுவிலும் அதை எடுக்கலாம் எனப் பிள்ளையிடம் சொல்லிவைக்க வேண்டும்.

நாங்கள் அக்கருவியை வாங்கினோம். அது இப்போது உணவு மேசையின் ஓரத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. என் சிம் அட்டை பழைய கைப்பேசிக்கே திரும்பிவிட்டது. பாட்டி அழைத்தால் அதுதான் ஒலிக்கிறது. நான் அருகில் இல்லாவிட்டால், மகள் ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டு எழுந்து போய் எடுக்கிறாள்.