ஒரு ‘எஃப்’ கூடுதல்

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களிடம் பெயர் என்னவென்று கேட்டால், “டாட் காம் கிடைச்சிடுச்சு சார்” என்றுதான் முதலில் சொல்கிறார்கள். கிடைத்துவிட்டாலே தமக்குச் சொந்தம் என்ற நினைப்பு. டொமைன் விற்கிறவர் பார்ப்பது, அந்த முகவரியை ஏற்கெனவே யாரும் எடுத்திருக்கிறார்களா என்பதை மட்டும். அந்தப் பெயரில் யாருக்கு உரிமை என்று ஆராய்வது அவர் வேலையல்ல.

சென்னையின் சத்யம் இன்ஃபோவே தன் பெயரின் துண்டுகளை ஒட்டி ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கி, 1999-இல் சிஃபிநெட் டாட் காம் முதலான முகவரிகளைப் பதிவு செய்தது. 2001-இல் இன்னொரு நிறுவனம், நடுவே ஓர் ஆங்கில ‘எஃப்’ சேர்த்து, அதே ஓசையில் முகவரி வாங்கியது. கேட்டதற்கு, எங்கள் ஐந்து நிறுவனர்களின் முதலெழுத்துகள் அவை என்றது. சாமர்த்தியமான பதில்தான்! பெங்களூரு சிவில் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் திரும்பவும் விதித்தது. முதலெழுத்துக் கதையை அது நம்பவில்லை.

டொமைனுக்கென்று நம்மிடம் தனிச் சட்டம் கிடையாது. ஆனால், ஒருவர் பெயரைக் காட்டி இன்னொருவர் வியாபாரம் செய்வதைத் தடுக்கும் டிரேட் மார்க் விதிகளே இதற்கும் பொருந்தும் என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. மதுரையில் ஒரு லட்சுமி ஸ்டோர்ஸ், நெல்லையில் ஒரு லட்சுமி ஸ்டோர்ஸ் என்று சண்டையில்லாமல் காலம் தள்ளலாம். டாட் காம் உலகத்துக்கே ஒன்றுதான்.

சொந்தப் பெயர் என்றால் கவலையில்லையா? அமெரிக்காவில் யூசி நிசான் என்பவர் 1994-இல் தன் குடும்பப் பெயரிலேயே நிசான் டாட் காம் எடுத்தார். 1999-இல் நிசான் கார் நிறுவனம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. முகவரி கடைசிவரை அவரிடமே இருந்தது. அதற்காக அவர் கோர்ட்டில் கழித்த வருடங்களை நினைத்தால், இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் டிரேட் மார்க் பதிவகத்தின் இணையத் தேடலில் பெயரைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். எழுத்தை மட்டும் பார்க்காமல், ஒத்த ஓசையையும் தேடுங்கள். அதற்குத் தனி வசதியே உண்டு. பதிவாகாத பெயருக்கும் பழக்கத்தால் உரிமை வந்திருக்கலாம் என்பதால் கூகுளிலும், உங்கள் தொழில்காரர்களிடமும் விசாரியுங்கள். பெயர் தேறினால் டிரேட் மார்க்குக்கு உடனே விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் அல்லது சேவைப் பிரிவுக்கு, கட்டணம் 4,500 ரூபாய்.

இத்தனைக்குப் பிறகும் வக்கீல் நோட்டீஸ் வந்தால், “எவ்வளவு தருவீங்க?” என்று மட்டும் பதில் போடாதீர்கள். டாட் காம் தகராறுகளை விசாரிக்கும் நடுவர்கள், உரியவருக்கே லாபத்தில் விற்பதற்காக முகவரி எடுத்ததைக் கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியாகக் கொள்வார்கள். அந்தச் சாட்சியை நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமா?