கோழிக்கொண்டையும் நம் பள்ளித் தோட்டமும்



விதை முளைத்தலை நாம் கற்பிக்கும் முறையைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. ஈரப் பஞ்சில் பச்சைப் பயற்றை இடுகிறோம். ஓரிரு நாளில் முளைக்கிறது; மாணவர்கள் படம் வரைகிறார்கள். அடுத்த வாரம் அது குப்பைத் தொட்டிக்குப் போகிறது. அது பூத்ததையோ மீண்டும் விதையானதையோ அவர்கள் காண்பதில்லை.

மறுபுறம், மதிப்பீட்டுக் குழு வருகிறதென்றால் நாற்றுப்பண்ணையிலிருந்து பூந்தொட்டிகள் வந்து இறங்குகின்றன. முன்பு நான் பணியாற்றிய பள்ளியொன்றில் அவ்வாறு வந்த செடிகள் அடுத்த மாதமே காய்ந்துவிட்டன. மாணவர் எவரும் வருந்தவில்லை. தாம் நடாத செடிக்காக அவர்கள் ஏன் வருந்த வேண்டும்?

இவ்விரண்டுக்கும் மாற்றாக நான் முன்மொழிவது கோழிக்கொண்டைப் பூவை.

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில், என் பாட்டியின் லயத்து வீட்டு வாசலில் மைலோ டின்களில் இப்பூ சிவந்து நிற்கும். யாரேனும் கேட்டால், காய்ந்த கொண்டையொன்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அதுவே விதை. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. மக்கள் புந்தோங் போன்ற ஈப்போ வட்டாரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர். அந்தக் கைப்பழக்கமும் பல குடும்பங்களில் நின்றுபோனது. 1877-இல் கோல கங்சாரில் ரப்பர் நாற்றுகள் நடப்பட்டதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. நம் பாட்டிமார் நட்டதை யாரும் குறிக்கவில்லை. அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே மாணவர்கள் அதைக் கேட்டுக் கற்க வேண்டும்.

இப்பூவில் அறிவியலும் உண்டு. பொதுவாகத் தண்டின் வளர்நுனி ஒரு புள்ளியாக இருக்கும். இதிலோ அது நாடாவைப் போல அகன்று, மடிந்து மடிந்து கொண்டையாகிறது. வெல்வெட் போன்ற அந்த மடிப்புகளுக்குக் கீழே நெருங்கியிருக்கும் மிகச் சிறியவையே விதை தரும் பூக்கள். இது தண்டுக்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்தது, வாடாமல்லிக்கும் உறவு. இரண்டு விதைகளையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். கீரை விதையைப் போலவே கோழிக்கொண்டை விதையும் கறுத்துப் பளபளப்பதை மாணவர்கள் தாமே கண்டறிவார்கள்.

வளர்ப்பது எளிது. பொடி விதையாதலால் உலர்ந்த மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லிதாக மண்ணிட வேண்டும். பத்து நாளுக்குள் முளைக்கும். வேரைக் கலைத்தால் செடி சோர்ந்துவிடும். எனவே நிலைத்து வளரும் இடத்திலேயே விதைத்து, நெருங்கிய நாற்றுகளைக் களைந்துவிடலாம். நல்ல வெயில் தேவை. நம் பேராக் மாநிலத்தின் மாலை மழையில் மடிப்புகளுக்குள் நீர் தங்கி அழுகக்கூடும். ஆகவே மேட்டுப் பாத்தியில் நட்டு, அடியில் மட்டும் நீரூற்றுங்கள். ஏறத்தாழ மூன்று மாதத்தில் கொண்டை விரியும்.

தமிழ்நாட்டில் இப்பூவை மாலையிலும் தொடுப்பார்கள். வகுப்பில் சாடியில் அடுக்க, மூன்று தண்டுகளை வெவ்வேறு உயரத்தில் வெட்டி, இலைகளை நீக்கிவிடுங்கள். பூவுக்கு முன் இலையே வாடும். எஞ்சியவற்றை நிழலில், காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் நிறம் பல மாதம் நிற்கும். முதிர்ந்த கொண்டைக்கடியில் ஒரு தட்டு வையுங்கள். விழும் விதை அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு உரியது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று சில ஆசிரியர்கள் கூறலாம். நானும் வகுப்பறையில்தான் இருக்கிறேன், அந்நெருக்கடியை அறிவேன். ஆயினும் இதற்கு நாளொன்றுக்குச் சில நிமிடங்களே போதும். பள்ளி விடுமுறையில் தொட்டிகளை மாணவர்களிடமே வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். வீட்டில் பாட்டி இருந்தால் அவரே ஆசிரியர்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒருநாள் மண்ணும் தொட்டியுமாக வீட்டுக்கு வந்தால், அழுக்கென்று கடிந்துகொள்ளாதீர்கள். வெயில்படும் ஓரிடம் கொடுங்கள். ஒரு விதை முளைத்துப் பூத்து மீண்டும் விதையாவதை, ஆறாண்டுத் தொடக்கப்பள்ளி வாழ்வில் ஒருமுறையேனும் அப்பிள்ளை தன் கையால் செய்து பார்க்கட்டும்.